ரொயோட்டா ஹைபிரிட் ஆக்சியோவுக்கு அகலமான ரயர் போடலாமா?

காரோடு வந்த 175/65 ஆர்15 ரயர் தேய்ந்துவிட்டது, 16 அங்குல றிம்மும் அகலமான ரயரும் போட்டால் ரோட்டுப் பிடி கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் அதே கார்தான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து தினமும் வேலைக்கும், மாதத்தில் ஒருக்கால் கொழும்புக்கும் ஓடுகிறேன். றிம்மை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் காசை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரயருக்குக் கொடுங்கள்.

முந்தின மாரியில் ஒரு இரவு, கொழும்பிலிருந்து வரும்போது ஆனையிறவு தாண்டியதும் நல்ல மழை. கொடிகாமத்துக்குக் கிட்ட ஏ9 வீதியின் நடுவே மாடுகள் நின்றன. 60இல்தான் வந்தேன். பிறேக்கை அடியோடு மிதித்தும், சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்குக் கீழே கடகடத்துக்கொண்டிருக்க, கார் வழுக்கிக்கொண்டே போய் மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்சீற்றில் மனைவியும் மகளும் இருந்தார்கள். அடுத்த நாள் ரயரின் பள்ளத்தை அளந்து பார்த்தேன், 4 மில்லிமீற்றர் இருந்தது. தேய்வு அடையாளக் கட்டை 1.6இல்தான் வரும். ஆகவே அது மொட்டை ரயர் இல்லை. ரயரின் குணமே அப்படி.

ஹைபிரிட் காருக்குக் கம்பனி போட்டு விடும் ரயர் பெரும்பாலும் எண்ணெய்ச் செலவைக் குறைக்கத் தெரிவு செய்தது. லேசாக உருளும், பாரமும் குறைவு. ஜப்பானிய ரயர்களின் தரச் சிட்டையில் இது தெளிவாகத் தெரியும். உருளும் தடைக்கு ஏஏஏ முதல் சி வரை ஒரு தரம், ஈரப் பிடிக்கு சிறிய எழுத்தில் ஏ முதல் டி வரை இன்னொரு தரம். உருளும் தடையில் உச்சத்தில் இருக்கும் சில ரயர்கள் ஈரப் பிடியில் சி என்று நிற்கும். இரண்டும் நன்றாக இருக்கிற ரயர் உண்டு, ஆனால் விலை கூட. எங்களுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டுகிறது. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். நான் அந்த இரண்டாவது எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, அளவு. 175 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம், 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். 175/65 ஆர்15 ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 608 மில்லிமீற்றர். 185/60 ஆர்15 போட்டால் 603, ஒரு வீதம்கூட வித்தியாசம் இல்லை. வேகமானி சரியாகவே காட்டும், மட்காட்டிலும் முட்டாது. 195/60 ஆர்15 விட்டத்தில் பொருந்தினாலும் அதற்கு ஆகக் குறைந்தது 5.5 அங்குல அகல றிம் வேண்டும். என் றிம்மின் உட்புறத்தில் 5ஜே, அதாவது 5 அங்குல அகலம், என்று பொறித்திருந்தது. அதில் 195ஐ ஏற்றினால் ரயர் கிள்ளுப்பட்டு நடுப்பகுதி புடைத்து நிற்கும். வாங்க முன் உங்கள் றிம்மிலும் பாருங்கள்.

16 அங்குலத்துக்குப் போனால் 185/55 போடவேண்டி வரும். ரயரின் பக்கச்சுவர் 114 மில்லிமீற்றரில் இருந்து 102 ஆகிவிடும். அந்த 12 மில்லிமீற்றர்தான் எங்கள் ரோட்டில் உங்களைக் காப்பாற்றுவது. என் மச்சான் அப்படி மாற்றி, தீவுப் பக்கம் ஒரு குழியில் விழுந்து பக்கச்சுவர் கொப்பளம் போல வீங்கிவிட்டது. உள்ளே நூல் அறுந்தால் அதை ஒட்டவே முடியாது, ரயரைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

நான் போட்டது 185/60 ஆர்15 அளவில் மிச்செலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ். இந்த மாரியில் அதே ஏ9இல் பிறேக் பிடித்துப் பார்த்தபோது நெஞ்சுப் பாரம் இறங்கியது. லீற்றருக்கு ஓடும் தூரம் ஒரு கிலோமீற்றர் அளவில் குறைந்திருக்கிறது, அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. இதே ரயர்தான் வேண்டும் என்றில்லை. ஈரப் பிடி நல்லது என்று பெயர் எடுத்த எதுவானாலும் சரி, பாரக் குறியீடு மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. 84 என்றால் ஒரு ரயர் 500 கிலோ தாங்கும்.

வாங்கும்போது ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தை நீங்களே வாசியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான் முதலில் போன கடையில், “அண்ணை, புது ரயர்தான், பாருங்கோ முள்ளுக்கூட உதிரேல்லை” என்று றப்பர் முள்ளைக் காட்டினார் பையன். இலக்கத்தைப் பார்த்தால் ஆறு வருடம் பழையது! ஓடாத ரயரில் முள்ளு எத்தனை வருடமும் நிற்கும். எங்கள் வெக்கையில் களஞ்சியத்தில் கிடந்தே றப்பர் இறுகிவிடும். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் நான் வாங்கமாட்டேன்.

ஜப்பானில் ஓடி வந்த கார் என்றால் பக்கத்தில் ‘ஸ்ரட்லெஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பனிக்காலத்து ரயர். எங்கள் தாரில் கெதியாகத் தேயும், மழையில் பிடிக்காது. பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

நாலையும் ஒன்றாக மாற்றக் காசு போதாவிட்டால் இரண்டு புதியதை வாங்கிப் பின்னுக்குப் போடுங்கள். முன்சில்லுதானே இழுக்கிறது என்று கடையில் முன்னுக்குப் போடச் சொல்வார்கள். ஈரத்தில் முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் திரும்பவும் பிடிக்கும். பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்த எங்களில் அனேகம் பேரால் ஏலாது.

காற்று அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிட்டையில் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் 33 பிஎஸ்ஐ. காலையில் ரயர் குளிராக இருக்கும்போதே அடியுங்கள். புரட்டாசிக்குள் மாற்றிவிட்டால் முதல் மழைக்கு முன்னமே ரயரும் கொஞ்சம் ஓடிப் பழகியிருக்கும்.