கனூப் பயணப் பை: தைப்பதா, வாங்குவதா?

கேள்வி: ஆகஸ்டில் ஒன்டாரியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்கு நான்கு நாள் கனூப் (துடுப்புப் படகு) பயணம் போகிறோம். நான், கணவர், 14 வயது மகன். பழைய பாணி கேன்வாஸ் பை கடையில் 300 டாலருக்கு மேல் சொல்கிறார்கள். எனக்குத் தையல் தெரியும், வீட்டில் மெஷினும் இருக்கிறது. நானே தைத்தால் லாபமா? சமையல் சாமானுக்கு மரப்பெட்டி செய்யலாம் என்கிறார் கணவர். (ஸ்காபரோ வாசகி)

பதில்: தாராளமாகத் தைக்கலாம். காசு மிச்சம் என்று மட்டும் நினைத்து உட்காராதீர்கள். நான் தைத்த முதல் பையில் துணியைவிடத் தோல் வாருக்கும் பித்தளை பக்கிளுக்கும்தான் கூடுதலாகச் செலவானது. தோலே வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் இரண்டு அங்குல நைலான் பட்டை போதும். அழகு கொஞ்சம் குறையும், பை உழைக்கும்.

இந்தப் பையின் வெட்டு அமெரிக்காவின் டுலூத் நகரில் செருப்புத் தைத்த கமில் பொய்ரியே 1882இல் காப்புரிமை பெற்றதை ஒட்டியது. பெரிய தபால் உறை மாதிரி இருக்கும்: உள்ளே சட்டம் இல்லை, வெளியே துருத்தும் பாக்கெட் இல்லை. படகின் அடியில் படுக்க வைக்க வேண்டுமே! மலையேறுகிறவர்களின் சட்டம் வைத்த பை குறுக்குக் கட்டையில் மாட்டிக்கொள்ளும். சுமார் 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் வைத்தால் போதும்.

துணி 15 அவுன்ஸ் பருத்தி கேன்வாஸ், ஊரில் படங்கு என்போமே, அந்த ரகம். மெழுகு ஏற்றாத துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காயவையுங்கள், சுருங்கும். நூல் பாலியெஸ்டர், ஊசி 18ஆம் எண். வீட்டு மெஷின் இரண்டு மடிப்பு வரை சமாளிக்கும். வாரும் துணி மடிப்பும் சேருகிற இடத்தில் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலில் இரண்டு ஊசி கோத்துக் கையாலேயே தையுங்கள். அங்கே உட்பக்கம் ஒரு தோல் துண்டு வைத்துச் செப்பு ரிவெட்டும் அடித்துவிடுங்கள். பை பிய்வது அநேகமாக வார் சேரும் இடத்தில்தான்.

கேன்வாஸ் மழையைத் தாங்கும், ஆனால் படகில் தேங்கும் தண்ணீரைக் குடித்துவிடும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்குள் உறங்கு பைகளை வையுங்கள்.

பெட்டி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. வானிகன் என்பார்கள், ஒஜிப்வே என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்த பெயர். பக்கங்களுக்கு 6 மி.மீ. பிளைவுட், இரு முனைகளுக்கும் பைன் பலகை, பிசின், திருகாணி, வார்னிஷ். இதில் உண்மையாகவே காசு மிஞ்சும். சட்டி, அடுப்பு, மசாலா டப்பா எதுவும் முதுகில் குத்தாது, மூடியைக் கவிழ்த்தால் வெங்காயம் நறுக்கும் பலகை. அளவு எடுக்கும்போது உங்கள் பெரிய சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தூக்குவது தலைப்பட்டையால், அதாவது பெட்டியில் கட்டித் தலையில் மாட்டும் வாரால். நேபாளத்துச் சுமைகாரர்கள் போடும் நாம்லோவின் உறவுக்காரன். பட்டை நெற்றியில் அல்ல, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உச்சியை ஒட்டி உட்கார வேண்டும். கழுத்து வளையாமல் பாரம் நேராக முதுகெலும்பில் இறங்கும். சும்மாடு வைத்துக் குடம் சுமந்தவர்களைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். வீட்டிலேயே அரிசி மூட்டையை வைத்து ஒரு வாரம் பழகுங்கள். கனடாவின் ரோமத்தோல் வணிகக் காலத்துப் படகோட்டிகள் தலா 40 கிலோ பொதி இரண்டைச் சேர்த்துச் சுமந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு உற்சாகப்பட வேண்டாம், மகன் தலையில் பட்டையும் மாட்ட வேண்டாம்.

அப்புறம், பூங்காவின் உள்பகுதிக்குக் கண்ணாடிப் போத்தலும் தகர டின்னும் கொண்டுபோகக் கூடாது. ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சாப்பாடு வைக்க வாங்கலாமா? கரடி திறக்காதாமே?

பதில்: முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆலிவ், ஊறுகாய் என்றால் சரி, கழுவிவிடலாம். ரசாயனம் என்றாலோ விற்பவருக்கே தெரியாது என்றாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, இரும்புப் பூட்டு வளையம் இறுக்கமாக விழுகிறதா பாருங்கள். மூன்று பேருக்கு நான்கு நாளென்றால் 60 லிட்டர். சுமக்கும் வார்த்தொகுதியைச் சிலர் தனியாக விற்பார்கள், விலையில் அதுவும் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். கரடிக்கு இது பூட்டே அல்ல. மூடினால் வாசனை குறையும், அவ்வளவுதான். இரவில் கூடாரத்திலிருந்து தள்ளி, மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள்.