140 டிகிரி பேட்ச் ஏன் நீலமா மின்னுது?

தங்கச்சி, 180 டிகிரில செஞ்ச சீசியம் லெட் புரோமைடு (ஒளி விடற நானோ படிகம்) 517 நானோமீட்டர்ல பச்சையா வருது, 140ல செஞ்சது 485க்கு போயிடுச்சு, குளோரைடு கலந்துடுச்சோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அது கலந்தாலும் வெளிச்சம் நீலப் பக்கம் போகும்தான். ஆனா எனக்கு அப்படி தோணல, இது படிகத்தோட சைஸ் வேலைதான்.

நம்ம சுங்கை சிப்புட் எஸ்டேட் லயத்து வீட்டோட சின்ன ரூமை நெனச்சுக்கோங்க. எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் விட்டுட்டுப் போன காலி இடம்) ஜோடியா நடமாட சுமார் 7 நானோமீட்டர் இடம் வேணும், படிகம் அதை விட சின்னதா போனா ரெண்டும் நெருக்கி அடைபட்டு எனர்ஜி ஏறுது, அதனால வெளிச்சம் நீலப் பக்கம் நகருது. 10, 14 நானோமீட்டர்னா பெரிய ஹால் மாதிரி, இன்னும் பெருசாக்கினாலும் கலர் பெருசா மாறாது, அந்த சைஸ்ல வந்த உங்க ரெண்டு பேட்ச்சும் ஒரே பச்சையா இருக்கறதுக்கு காரணம் அதுதான். சூரிக்ல 2015ல இந்தப் படிகத்தை செஞ்சவங்களே 140லேர்ந்து 200 டிகிரிக்குள்ள சூட்டை மாத்தித்தான் சைஸை 4லேர்ந்து 15 வரைக்கும் மாத்துனாங்க.

சந்தேகம் தீரணும்னா டெம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படம் எடுங்க. சைஸ் 10 கிட்ட இருந்தும் நீலமா இருந்தா அப்ப குளோரைடுதான், எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே அடிச்சு படிக அமைப்பை பாக்கற டெஸ்ட்) வர்ற பீக்கும் பெரிய கோணத்துக்கு நகர்ந்திருக்கும். கழுவ டைகுளோரோமீத்தேன் எதும் ஊத்துனீங்களா? அது வெளிச்சத்துல குளோரைடு குடுத்துடும், டொலுயீன் போதும்.

லீவுக்கு கொண்டு வந்த குப்பி ஜன்னலோரம் நாலு நாள்ல பச்சையாயிட்டு வருதுன்னீங்களே, படிகத்தை சுத்தி மூடியிருக்கற லிகண்ட் மூலக்கூறு கழண்டு குட்டிப் படிகமெல்லாம் ஒட்டி வளருது. நோட்டு பாக்கற யூவி டார்ச்ச அடிச்சா அடியில படிஞ்சது பச்சையா தெரியலாம். ஈயம் இருக்கு தங்கச்சி, அடுப்படில வைக்காதீங்க, மூடி டைட்டா போட்டு லேபுக்கே கொண்டு போயிடுங்க.