பென் டிரைவில் இருக்கும் பாடத்தை பிரவுசர் ஏன் தடுக்கிறது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களுக்காக ஒரு வினாடி வினாவை என் மகன் வெப் பேஜாகச் செய்து கொடுத்தான். பள்ளி லேபில் நெட் பெரும்பாலும் இருக்காது. பென் டிரைவிலிருந்து குரோமில் திறந்தால் தலைப்பும் படங்களும் வருகின்றன, கேள்விகள் வருவதில்லை. இரண்டு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான். மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி மிரட்டுகிறது. குரோமின் செக்யூரிட்டியை ஆஃப் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் சக ஆசிரியர். செய்யலாமா? இன்னொன்று: நெட்டில் இறக்கிய ஒரு சிஹெச்எம் புத்தகம் (விண்டோஸின் ஹெல்ப் ஃபைல் வடிவில் இருப்பது) என் லேப்டாப்பில் காலிப் பக்கமாகத் தெரிகிறது. அதையே பென் டிரைவில் கொண்டுபோனால் லேபில் நன்றாகத் திறக்கிறது. இது என்ன மாயம்?

பதில்: டீச்சர், சக ஆசிரியர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் மகன் எழுதிய பக்கத்தில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அது பிரவுசருக்குத் தெரிய வழியில்லை.

குரோமில் எஃப்12 அழுத்தி ‘கன்சோல்’ பகுதியைப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் ‘ஆரிஜின் நல்’, ‘கோர்ஸ் பாலிசி’ என்ற சொற்கள் தென்படும். ஆரிஜின் என்றால் பூர்வீகம்; ஒரு பூர்வீகத்தின் பக்கம் இன்னொன்றிலிருந்து எதையெல்லாம் எடுக்கலாம் என்ற விதிதான் கோர்ஸ். பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பூர்வீகம் பார்க்கும்: ஹெச்டிடிபியா ஹெச்டிடிபிஎஸ்ஸா, எந்தத் தளம், எந்த போர்ட் எண் (அந்தத் தளத்துக்குள் நுழையும் வாசலின் எண்). இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு பக்கம் இன்னொன்றின் உள்ளடக்கத்தைத் தடையின்றிப் படிக்க முடியும். பென் டிரைவில் கிடக்கும் ஃபைலுக்குத் தளப் பெயரே கிடையாது. அதனால் பூர்வீகம் ‘நல்’, அதாவது ஒன்றுமில்லை. ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்து இருந்தாலும், உங்கள் வினாடி வினாப் பக்கமும் கேள்விகள் இருக்கும் ஜேசான் ஃபைலும் (தகவல்களை எழுத்தாக அடுக்கிவைக்கும் ஃபைல்) குரோமின் கண்ணுக்கு முன்பின் தெரியாதவர்கள். படங்கள் மட்டும் எப்படி வருகின்றன என்றால், ஒரு படத்தைத் திரையில் காட்டுவது வேறு. ஒரு ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்து எடுப்பது வேறு.

இத்தனை கெடுபிடி எதற்கு? மெயிலில் வந்த ஹெச்டிஎம்எல் ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேமித்துத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே ஃபோல்டரில் உங்கள் ஆதார் நகலும் சம்பளப் பட்டியலும் இருக்கும். பக்கத்து ஃபைல்களைப் படிக்க அனுமதி இருந்தால், பெயரை ஊகித்தே அவற்றை எடுத்து வெளியே அனுப்பிவிடலாம். ஃபயர்பாக்ஸ் வெகுகாலம் ஒரே ஃபோல்டரில் இருப்பவற்றை உறவாகவே நடத்தியது. இந்த ஓட்டை தெரிந்த பிறகு, 2019 ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. ‘முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததே’ என்று கேட்பவர்களில் பலர் இதில் மாட்டியவர்கள்தான்.

செக்யூரிட்டியை அணைத்த குரோமில் இந்த வேலி உங்கள் வினாடி வினாவுக்கு மட்டும் விலகாது. நெட் இருக்கும் ஒரு நாளில் அதே குரோமைத் திறந்து ஒரு பையன் எந்தத் தளத்துக்குப் போனாலும் அங்கேயும் வேலி இருக்காது.

எனக்குப் பிடித்த வழி மிக எளியது. கேள்விகள் இருக்கும் ஜேசான் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு மாறியின் (வேரியபிள்) பெயரும் சமக்குறியும் சேர்த்து, அதை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு சாதாரண ஸ்கிரிப்ட் டேக் மூலம், முதன்மை ஸ்கிரிப்டுக்கு முன்னால் அதை இணைக்க வேண்டும். அந்த டேகில் ‘மாட்யூல்’ என்று போட்டுவிடக் கூடாது. போட்டால் மறுபடியும் அதே தடை. கேள்விகளைத் தனியாகப் போய் எடுத்துவரும் ‘ஃபெட்ச்’ வரிகளையும் நீக்கிவிடலாம். உங்கள் மகனுக்குப் பத்து நிமிட வேலை. அதன்பின் புதிய பிரவுசர் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவைச் செருகி டபுள் கிளிக் செய்தால் போதும்.

லேபில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. பக்கத்துக்கு ஒரு முகவரியைக் கொடுத்துவிடுவது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியோடு சேர்ந்தே வரும் ‘ஹெச்டிடிபி.சர்வர்’ மாட்யூலை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், அந்த ஃபோல்டர் 8000 என்ற போர்ட்டில் ஒரு குட்டித் தளமாகிவிடும். இன்டர்நெட் தேவையில்லை. மாணவர்கள் உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் 8000ஐயும் அட்ரஸ் பாரில் அடித்தால் வினாடி வினா வந்துவிடும். ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது ‘பிரைவேட்’ நெட்வொர்க்கை மட்டும் டிக் செய்யுங்கள். மாணவர்களின் திரையில் ‘நாட் செக்யூர்’ என்று வரும்; ஹெச்டிடிபிஎஸ் இல்லாததால் வருவது அது, விட்டுவிடலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வினாடி வினா ஃபோல்டருக்குள் போய் அங்கிருந்துதான் சர்வரைத் தொடங்க வேண்டும். டி டிரைவின் வாசலில் நின்று தொடங்கினால், அரையாண்டு வினாத்தாள் உட்பட அங்கே இருக்கும் அத்தனையும் பையன்களுக்குக் கடைபரப்பியதாகிவிடும்.

மஞ்சள் பட்டை பழைய கதை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பக்கம் நம்பகமானது என்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதற்கு இணையப் பக்கங்களைவிடக் கூடுதல் உரிமை கொடுத்து வைத்திருந்தது. திருடர்கள் அந்த வழியாகவே உள்ளே நுழையவே, 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் நிலைமை தலைகீழானது: உள்ளூர்ப் பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குத்தான் அதிகக் கட்டுப்பாடு. பட்டையைக் கிளிக் செய்து ‘அலவ் பிளாக்டு கன்டென்ட்’ கொடுத்தால் தடை விலகும். ஆனால் அதற்குப் பிறகும் உங்கள் வினாடி வினா ஓடுமா என்பது சந்தேகமே. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பிரவுசருக்குப் புரியாது. மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் அதைக் கைகழுவிவிட்டது. அந்த இரண்டு கம்ப்யூட்டர்களிலும் குரோம் 109 அல்லது ஃபயர்பாக்ஸ் 115 போடுங்கள். விண்டோஸ் 7க்கு வந்த கடைசிக் குரோம் அதுதான். ஃபயர்பாக்ஸுக்கும் அந்த 115 வரிசையோடு சரி. நெட்டில் உலவ அவற்றைப் பயன்படுத்தாமல் வினாடி வினாவோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

சிஹெச்எம் மாயத்துக்கு வருவோம். நெட்டிலிருந்து இறக்கும் ஃபைலின் மேல், அது வெளியிலிருந்து வந்தது என்று விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டிவிடும். சீட்டு இருக்கும்வரை சிஹெச்எம்மின் பக்கங்கள் திறக்காது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில்தான் அந்தச் சீட்டு ஒட்டும். உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். காப்பி செய்த கணமே சீட்டு உதிர்ந்துவிட்டது. லேப்டாப்பில் அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், கீழே இருக்கும் ‘அன்பிளாக்’கை டிக் செய்து ஓகே கொடுங்கள். ஜிப்பாக இறக்கியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே ஜிப்புக்கு இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும்.