கத்திக்கு இருபுறமும் ஒத்த கார்டு: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் பட்டறை. கத்தி அலகுக்கும் பிடிக்கும் நடுவே, கை முன்னால் வழுக்காமல் தடுக்கும் குறுக்குத் துண்டைத்தான் கார்டு என்கிறோம். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபாலபுரம் தம்பி: வெர்னியரில் அளந்தால் கார்டின் இரண்டு கையும் (நடுவிலிருந்து இருபுறமும் நீளும் பாகங்கள்) சமம். கத்தியில் மாட்டினால் கோணலாகத் தெரிகிறது. ஏன் அண்ணா?

கார்டில் குறை இருக்காது தம்பி, வாலைப் பாருங்கள். பிடிக்குள் போகும் அந்த வால் அலகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், எவ்வளவு சரியான கார்டும் ஒரு பக்கம் நீண்டதாகத்தான் தெரியும். வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கார்டு சாய்ந்து உட்காரும். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அப்புறம் கார்டு. பலர் வெளி வடிவத்தை அழகாக ராவி முடித்துவிட்டுக் கடைசியில் துளை போடுகிறார்கள். தலைகீழ் வேலை அது. 6 மில்லிமீட்டர் பித்தளைத் துண்டு முழுக்க மார்க்கர் மை பூசி, நீளத்துக்கு ஒன்று, குறுக்கே ஒன்று என இரண்டு நடுக்கோடுகளைக் கூர்மையாகக் கீறுங்கள். வால் 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், நீளக்கோட்டின் மேல் 3.5 மில்லிமீட்டர் துளைப் பிட்டால் வரிசையாகத் துளையிட்டு, ஊசி அரத்தால் ஒரே நீளக் காடியாக்குங்கள். வாலில் மை தடவிக் காடிக்குள் நுழைத்துப் பார்த்தால், எங்கே பிடிக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு ராவி, மறுபடி நுழைத்துப் பாருங்கள். ஒரு கார்டுக்கு நான் முப்பது நாற்பது முறை இப்படிப் பார்ப்பேன். அலகுப் பக்கம் இறுக்கமாக இருந்தால் போதும். பின்பக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் பிடி மூடிவிடும்.

காடி சரியாக உட்கார்ந்த பிறகுதான் வெளி வடிவம். மெல்லிய தகட்டில் பாதி வடிவத்துக்கு மட்டும் ஒரு அச்சு வெட்டுங்கள். நடுக்கோட்டில் வைத்து ஒரு பக்கம் கீறிவிட்டு, அதே அச்சைப் புரட்டிப்போட்டு மறுபக்கம் கீறுங்கள். ஒரே விளிம்பு இரண்டு பக்கமும் வருவதால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. கீறலைத் தொடும் வரை இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி ராவுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள்.

வைஸில் வைக்கும்போதெல்லாம் வெட்டுவாய்க்கு டேப் சுற்றுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பொள்ளாச்சி: பித்தளையில் துளை போட்டால் பிட் கவ்விக்கொண்டு தகடு சுற்றுகிறது.

பித்தளையின் குணம் அது. பிட்டின் வெட்டும் முனையை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டையாக்குங்கள், கவ்வாது. தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது, விரல் போய்விடும்.

வேலந்தாவளம்: ஒரு பக்கம் பெரிதாகிவிடுகிறது, என்ன செய்ய?

பாதி அச்சு. மேலே முதல் பதில்.

மீனாட்சிபுரம் பெரியவர்: அரிவாளுக்கும் வெட்டுகத்திக்கும் என்றைக்கு ஐயா கார்டு இருந்தது? பூண் போதாதா?

நல்ல கேள்வி, ஐயா. பூண் என்பது பிடியில் மாட்டும் உலோக வளையம், பிடிக்கட்டை பிளக்காமல் காக்கும். கையைக் காப்பது அதன் வேலையில்லை. அரிவாளை ஓங்கி வெட்டும்போது கை பின்னால்தான் நழுவும், அதனால் பிடியின் முனை தடித்திருந்தால் போதும். நம் சித்தூர்ப் பக்கத் தென்னையில் பாளை சீவுகிறவர் கத்தியைத் தன் பக்கம் இழுத்துச் சீவுகிறார், குத்துவதில்லை. அதில் கார்டு வைத்தால் இடைஞ்சல். நீங்கள் சொல்வது அங்கே முழுக்கச் சரி.

அதற்கு ஒரு தம்பி: அப்படியானால் கார்டு வெறும் அலங்காரமா?

இல்லை. முன்னால் தள்ளி அழுத்தும் வேலையில், ஈரக்கை வழுக்கி விரல் வெட்டுவாய்க்கு வந்துவிடும். இறைச்சியில் எலும்பு எடுக்கும்போது இது நடக்கும். அங்கே கார்டு விரலைக் காப்பாற்றும். ஆனால் அதற்குக் கார்டின் கீழ்ப்பக்கக் கை ஒன்றே போதும். இருபுறமும் நீண்ட கார்டு பெரும்பாலும் குத்துவாள் மரபு. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் கைக்கு மேல் பாய்மரம்போல விரிந்த காப்பைப் பாருங்கள், அது போர்க்கருவி. வேலைக் கத்திக்கு இருபுறக் கார்டு கேட்டு வருகிறவரிடம் எதற்கென்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.

அதே தம்பி: அப்போது சட்டம்?

ஆயுதச் சட்டம் 1959-இன் விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மேற்கொண்டு வக்கீலிடம் கேளுங்கள்.

கோவை: கார்டைக் கத்தியோடு பற்றவைக்கலாமா, எபாக்ஸிப் பசை போதுமா?

எபாக்ஸி போதும். வெள்ளி கலந்த வெள்ளீயப் பற்று 221 டிகிரியில் உருகும். நம் கத்திகளைப் பதம் இறக்குவதே, அதாவது கடினப்படுத்திய அலகை மறுபடி சூடாக்கி இளக்குவதே, பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான். அலகில் ஈரத்துணி சுற்றாமல் சூடாக்கினால் வெட்டுவாய் கடினம் இழந்துவிடும்.

கோவிந்தாபுரம்: ஒரு பக்கம் சின்னது...

முதல் பதில் தம்பி. தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

பொள்ளாச்சி: பாலிஷ் சக்கரத்தில் கத்தியோடு சேர்த்தே கார்டைத் தேய்க்கலாமா?

வேண்டாம். பட்டறையில் எனக்குப் பயம் உள்ள ஒரே மிஷின் அதுதான். கார்டின் மேல்முனை துணிச் சக்கரத்தில் மாட்டியது ஒருநாள். கத்தி கையிலிருந்து பறந்து, என் தொடைக்கு ஒரு சாண் தள்ளி சுவரோரப் பலகையில் குத்தி நின்றது. அதற்குப் பிறகு கார்டைத் தனியாகக் கழற்றி, 400, 800, 1200 என்று எமரித் தாளில் கையாலேயே மெருகேற்றுகிறேன். தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் அழுத்தினால் ஓரம் உருண்டு, கஷ்டப்பட்டு எடுத்த கீறல் கோடு போய்விடும். வெட்டுவாய்க்கு டேப், மறக்காதீர்கள்.