எண்ணெய் வழியிற முகத்துக்கு கல்யாண மேக்கப்ப நாமளே போட்டுக்கலாமா? கேளுங்க, சொல்றேன்

எனக்கும் எண்ணெய் முகம் தான். காலைல ஒம்போது மணிக்கு பவுடர் போட்டா பதினோரு மணிக்கு மூக்குல வெளக்கேத்தலாம், அந்த ரகம். என் கல்யாணத்துக்கு நானே மேக்கப் போட்டுக்கிட்டேன், அதுல பாதி சொதப்பல். அப்புறம் தங்கச்சி, சித்தி பொண்ணு, ஃப்ரெண்ட்ஸ்னு நிறைய பேருக்கு போட்டு விட்டு கத்துக்கிட்டது தான் கீழ சொல்றது எல்லாம். நான் ஸ்கின் டாக்டர் இல்ல, ட்ரீட்மெண்ட் ஓடிட்டு இருக்கிறவங்க அவங்கவங்க டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. ஆர்ட்டிஸ்ட் வேணாம், நானே போட்டுக்கறேன்னு வீட்ல வீராப்பா சொல்லிட்டேன், இப்ப பயமா இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்? என்னென்ன வாங்கணும்?

பதில்: மூணு மாசம் தாராளம்மா. முதல் ஒரு மாசம் மேக்கப் ஐட்டம் எதையும் வாங்காதீங்க, ஸ்கின்ன மட்டும் கவனிங்க. காலைல ஒரு தடவ, நைட் ஒரு தடவ மைல்டான ஃபேஸ்வாஷ், அவ்ளோ தான், எண்ணெய் வழியுதேன்னு நாளைக்கு அஞ்சு தடவ சோப்பு போட்டு தேய்ச்சீங்கன்னா ஸ்கின் எரிஞ்சு தோலுரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் அது மேல ஃபவுண்டேஷன் நிக்கவே நிக்காது. சாலிசிலிக் ஆசிட் 2% வாரத்துல ரெண்டு நாள், ஒத்துக்கிச்சுன்னா மூணு நாள். அது எண்ணெய்ல கரையிற ஆசிட், அதனால துளைக்குள்ள போயி அடைச்சிருக்கறத இளக்கி விடும். நியாசினமைடு இருக்கிற சீரமும் கொஞ்சம் எண்ணெய குறைக்கும். ஆனா இதெல்லாம் வேலை காட்ட ஆறுலேர்ந்து எட்டு வாரம் ஆகும், அதனால இன்னைக்கே ஆரம்பிங்க. கடைசி ரெண்டு வாரத்துல புதுசா ஒரு பொருளும் முகத்துல படக்கூடாது, யார் குடுத்தாலும் சரி, எவ்ளோ நல்லாருக்குன்னு சொன்னாலும் சரி.

கேள்வி: எண்ணெய் ஸ்கின்னுக்கு மாய்ஸ்சரைசர் எதுக்கு? நான் போடறதே இல்ல.

பதில்: எண்ணெய் வேற, ஈரப்பதம் வேற. மேல எண்ணெய் மினுக்கும், அடில வறண்டு போயிருக்கும், அப்படி இருக்கிற முகத்துல தான் ஃபவுண்டேஷன் மூக்கோரத்துல திட்டு திட்டா பிடிக்கும். ஜெல் மாதிரி லேசா, ஆயில் ஃப்ரீன்னு போட்டிருக்கறத பட்டாணி அளவு எடுத்து தடவிட்டு பத்து நிமிஷம் விட்டுடுங்க. மேக்கப்புக்கு முன்னாடி மிச்சம் ஏதாவது மேல மிதந்தா டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க.

கேள்வி: நான் எவ்ளோ பவுடர் போட்டாலும் ரெண்டு மணி நேரத்துல நெத்தியும் மூக்கும் பளபளன்னு ஆயிடுது. மறுபடி பவுடர், மறுபடி எண்ணெய். கல்யாணத்தன்னைக்கு எட்டு மணி நேரம் நிக்கணும், என்ன வழி?

பதில்: என் கதையே இது தான். என் கல்யாணத்துல மினுக்கறப்ப எல்லாம் காம்பேக்ட எடுத்து அப்பிக்கிட்டே இருந்தேன், ஏழெட்டு தடவ இருக்கும். சாயங்கால ஃபோட்டோல பாத்தா மூக்கு காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சிருக்கு, வாயோரத்துல மாவு பிசைஞ்சு ஒட்டின மாதிரி. இன்னைக்கும் அந்த ஆல்பத்துல நாலு பக்கத்த சேத்து திருப்பிடுவேன்.

விஷயம் என்னன்னா, எண்ணெய யாராலயும் நிறுத்த முடியாது. அது தோலுக்கு அடில இருக்கிற சுரப்பிலேர்ந்து வருது, மேல நீங்க என்ன பூசினாலும் அது பாட்டுக்கு வரும். நம்ம வேலை வந்தத எடுக்கறது தான், அதுக்கு மேல மாவு கொட்டறது இல்ல. எண்ணெயோட பவுடர் சேர்ந்தா பேஸ்ட் ஆயிடும், அத தான் கேக்கின்னு சொல்றோம்.

அதனால டச் அப் இப்படி பண்ணுங்க. சாதா டிஷ்யூ ஒன்னு எடுத்தா அதுல ரெண்டு லேயர் ஒட்டிட்டு இருக்கும், நகத்தால ஓரத்த பிரிச்சு ஒத்த லேயரா எடுத்துக்கங்க. அத மூக்கு மேல பரப்பி வெச்சு விரல் நுனியால அழுத்தி அஞ்சு செகண்ட் அப்படியே புடிங்க. தேய்க்காதீங்க, இழுக்காதீங்க. நேரா மேல தூக்குங்க. டிஷ்யூல துளித்துளியா கண்ணாடி மாதிரி தெரியும் பாருங்க, அது எண்ணெய், ஃபவுண்டேஷன் ஏறக்குறைய அங்கயே இருக்கும். பிளாட்டிங் பேப்பர், அதான் முகத்துல ஒத்தினா எண்ணெய உறிஞ்சற மெல்லிசு பேப்பர், இருந்தா இன்னும் சுலபம். அப்புறமும் மினுக்கினா தான் பவுடர், அதுவும் பஃப்ல தொட்டு, கைல ஒரு தட்டு தட்டிட்டு, மினுக்கற இடத்துல மட்டும் அமுக்கி உருட்டி எடுங்க. கன்னத்துல வேணாம்.

காலைல போடறப்பவும் அதே கணக்கு தான். மேட் பிரைமர், அதாவது ஃபவுண்டேஷனுக்கு அடில போடற, மினுக்காத க்ரீம், நெத்தி, மூக்கு, தாடை மட்டும். ஃபவுண்டேஷன் கம்மியா எடுத்து நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, ஈர ஸ்பாஞ்சால தட்டி தட்டி. தடிமனா ஒரு கோட் போடறத விட மெல்லிசா ரெண்டு கோட் போட்டா ரொம்ப நேரம் நிக்கும். மூக்குல தான் முதல்ல விட்டுப்போகும், அங்க இருக்கறதுலயே மெல்லிசா போடுங்க, நிறைய பேர் நேரெதிரா பண்றாங்க.

கேள்வி: மில்க் ஆஃப் மக்னீசியாவ பிரைமரா தடவினா நாள் முழுக்க எண்ணெயே வராதுன்னு வீடியோல பாத்தேன். ட்ரை பண்ணலாமா?

பதில்: வேணாம். அது மலச்சிக்கல் மருந்து. எண்ணெய உறிஞ்சும், உண்மை தான், ஆனா அது நல்ல காரத்தன்மை உள்ளது, நம்ம தோல் லேசான அமிலத்தன்மை. ஒரு நாள்ல ஒன்னும் ஆகாம போகலாம், ஆனா எரிஞ்சு சிவந்தா கல்யாணத்தன்னைக்கு என்ன பண்ணுவீங்க? இதே வரிசைல ஹேர் ஸ்ப்ரேய முகத்துல அடிக்கறது, டியோடரண்ட நெத்தில தேய்க்கறது எல்லாம் வரும், எதுவும் வேணாம். வேர்வைக்கான பொருள் வேர்வைய தான் குறைக்கும், எண்ணெய் வர்ற சுரப்பியே வேற.

கேள்வி: போன வருஷம் அக்கா கல்யாணத்துல எனக்கு நானே போட்டுக்கிட்டேன், கண்ணாடில சூப்பரா இருந்துச்சு, ஃபோட்டோல மட்டும் முகம் வெள்ளையா பேய் மாதிரி, கழுத்து வேற கலர். ஏன்?

பதில்: அது ஃப்ளாஷ் பண்ற வேலை. சன்ஸ்கிரீன்லயும் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) போட்ட ஃபவுண்டேஷன்லயும் இருக்கிற ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு ரெண்டும் வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கும். சிலிகா இருக்கிற வெள்ளை டிரான்ஸ்லூசன்ட் (போட்டா கலர் தெரியாத) பவுடர அள்ளி போட்டாலும் இதே கதை. நம்மள மாதிரி எண்ணெய் முகக்காரங்க தான் அந்த பவுடர நிறைய போடுவோம், மாட்டிக்கறதும் நாம தான்.

செக் பண்றது சுலபம். ட்ரையல் போட்டுட்டு லைட்ட அணைச்சிட்டு ஃபோன்ல ஃப்ளாஷ் போட்டு ஃபோட்டோ எடுங்க. வெள்ளையா தெரிஞ்சா எது காரணம்னு ஒவ்வொன்னா மாத்தி பாருங்க. வெளில வெயில்ல நடக்கிற கல்யாணம்னா சன்ஸ்கிரீன விட்டுடாதீங்க, வெள்ளை அடிக்காத ஜெல் டைப்பா பாத்து வாங்கி அதையும் இதே மாதிரி டெஸ்ட் பண்ணிடுங்க. பவுடர் உங்க கலருக்கு சேர்ற மாதிரி லேசான டின்ட் இருக்கறதா பாருங்க.

கேள்வி: எனக்கு நேரெதிர். போட்டப்ப சரியா இருக்கு, ஒரு மணி நேரத்துல ஆரஞ்சா கருத்துடுது.

பதில்: ஃபவுண்டேஷன் ஆக்சிடைஸ் ஆகுது, அதாவது போட்டப்புறம் கலர் மாறுது. எண்ணெய் முகத்துல இது ஜாஸ்தி. வாங்கறப்ப கை மேல தடவி பாக்காதீங்க, கைக்கும் முகத்துக்கும் கலர் ஒன்னா இருக்காது. ரெண்டு மூணு ஷேட்ல தாடை ஓரத்துலேர்ந்து கழுத்து வரைக்கும் ஒவ்வொரு கோடு போட்டுட்டு அரை மணி நேரம் சுத்திட்டு வந்து, கடை லைட்ல இல்லாம வெளி வெளிச்சத்துல பாருங்க. அப்ப எந்த கோடு காணாம போச்சோ அது தான் உங்க ஷேட்.

கேள்வி: நேத்து நீங்க சொன்ன மாதிரி ட்ரையல் போட்டேன் அக்கா. பிரைமர் மேல ஃபவுண்டேஷன் வெச்சதும் ரப்பர் அழிச்ச தூள் மாதிரி உருண்டு உருண்டு வந்துடுச்சு. அழுகையே வந்துடுச்சு. பொருள் டூப்ளிகேட்டா?

பதில்: டூப்ளிகேட்டா இருக்கணும்னு இல்லம்மா, ரெண்டு விஷயம் பாருங்க. ஒன்னு, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பிரைமர்னு ஒன்னு காயறதுக்கு முன்னாடியே அடுத்தத போட்டீங்களா? ஒவ்வொன்னுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது விடுங்க, தேய்க்காம தட்டி போடுங்க. ரெண்டு, டப்பாவ திருப்பி என்னென்ன போட்டிருக்காங்கன்னு படிங்க. டைமெத்திகோன் மாதிரி 'கோன்'னு, 'சிலாக்சேன்'னு முடியிற பேர் முன்னாடி இருந்தா அது சிலிகான் வகை. சிலிகான் பிரைமர் மேல தண்ணி வகை ஃபவுண்டேஷன் போட்டா சில சமயம் ஒட்டாம பிரிஞ்சு போகும். ஒரே வகையா சேத்துக்கங்க. வீணா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் ஒரு சொட்டு எடுத்து புறங்கைல கலந்து பாருங்க, தயிர் திரிஞ்ச மாதிரி பிரிஞ்சா அந்த ஜோடி வேணாம்.

கேள்வி: கண் மை போட்டா மதியத்துக்குள்ள பாண்டா கண்ணு. வாட்டர்ப்ரூஃப் தான் வாங்கினேன், அதுவும் வழியுது.

பதில்: வாட்டர்ப்ரூஃப்னா தண்ணிக்கு அசையாது. எண்ணெய்க்கு அசையும். வாட்டர்ப்ரூஃப் மேக்கப்ப எண்ணெய் ரிமூவர் போட்டு தானே கழட்டறோம், அப்ப இமைலேர்ந்து ஊர்ற எண்ணெயும் அதே வேலைய தான செய்யும். இமைக்கு ஐ பிரைமர் போடுங்க, இல்லன்னா கன்சீலர் (கறை, பருவ மறைக்கற க்ரீம்) ஒரு மெல்லிசு பூச்சு, மேல பவுடர். மேல லைனுக்கு பென்சிலுக்கு பதிலா லிக்விட் லைனர் இல்லன்னா ஜெல் லைனர், அது காஞ்சதும் அதே கலர் ஐஷேடோவ சின்ன பிரஷ்ல தொட்டு மேல ஒத்துங்க. மஸ்காரா ட்யூபிங் வகைன்னு கேட்டு வாங்குங்க, அது ஒவ்வொரு இமை முடிய சுத்தியும் உறை மாதிரி புடிச்சுக்கும், எண்ணெய்க்கு அசையாது. கண்ணுக்கு அடில க்ரீமை கெட்டியா தடவிட்டு மை மட்டும் வழியக்கூடாதுன்னா எப்படி? அங்கயும் ஒத்தி எடுங்க.

கேள்வி: தாலி கட்டறப்ப நான் கண்டிப்பா அழுவேன். இப்பவே தெரியும்.

பதில்: அழுங்க, அதுக்கு தான கல்யாணம். விரலால கன்னத்த துடைக்காம, டிஷ்யூவ மடிச்சு அந்த முனைய கண்ணு ஓரத்துல வெச்சு கண்ணீர் விழறதுக்கு முன்னாடியே உறிஞ்ச விடுங்க.

கேள்வி: முந்தின நாள் பெரிய பரு வந்துட்டா? எனக்கு டென்ஷன் ஆனாலே வரும்.

பதில்: கிள்ளாதீங்க. கிள்ளாத பரு வெறும் மேடு, அத கலரால மறைச்சிடலாம், கிள்ளின பரு புண்ணு, காஞ்ச தோல் மேல எந்த கன்சீலரும் ஒட்டாது. ஐஸ துணில சுத்தி ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க, பருவோட நுனில சீழ் தெரிஞ்சா நைட் ஹைட்ரோகொலாய்டு பேட்ச் (பரு மேல ஒட்டற, சீழ உறிஞ்சற சின்ன ஸ்டிக்கர்) ஒட்டிட்டு தூங்குங்க. காலைல சிவப்பா இருந்தா பச்சை கரெக்டர் (சிவப்ப மறைக்கற பச்சை க்ரீம்) ஒரு புள்ளி, மேல கன்சீலர சின்ன பிரஷ்ல வெச்சு ஒரு நிமிஷம் தொடாம விடுங்க, அப்புறம் ஓரத்த மட்டும் தட்டுங்க. நடுவுல கை வெச்சா எல்லாம் ஸ்பாஞ்சோட போயிடும். பரு அடிக்கடி வர்ற ஆளுன்னா கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காம இப்பவே டாக்டர பாருங்க. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறவங்க முகத்துல வேக்ஸிங் பண்ணவே கூடாது, நிறுத்தி ஆறு மாசம் வரைக்கும், தோலோட வந்துடும்.

கேள்வி: நான் மாப்பிள்ளை சைடு, அதாவது மாப்பிள்ளையே. எனக்கும் எண்ணெய் முகம். மேக்கப்லாம் வேணாம், ஃபோட்டோல மினுக்காம இருந்தா போதும்.

பதில்: தம்பி, ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், மூக்கு நெத்தில மட்டும் மேட் பிரைமர். பாக்கெட்ல பிளாட்டிங் பேப்பர். முடிஞ்சுது. ஷேவிங்க முந்தின நாள் நைட்டே முடிச்சிடுங்க.

கேள்வி: மொத்தம் எவ்ளோ நேரம் ஆகும்? தலைமுடி முதல்லயா மேக்கப் முதல்லயா?

பதில்: முடி முதல்ல. ட்ரையர், அயர்ன் சூட்டுல வேர்த்து வழிஞ்சு நிப்பீங்க, அதுக்கப்புறம் முகம் கழுவி ஆற விட்டு ஆரம்பிங்க. முடிக்கு போடற சீரம், எண்ணெய் எதுவும் நெத்தியோர முடில படவேணாம், அது இறங்கி ஃபவுண்டேஷன கரைக்கும். எனக்கு நானே நிதானமா போட்டா ஒன்றரை மணி நேரம் ஆகுது, ஆனா அது பழகின கை. நீங்க குறைஞ்சது மூணு ட்ரையல் போடுங்க, மூணாவது தடவ கடிகாரத்த பாத்து போடுங்க, வர்ற கணக்கோட முக்கா மணி நேரம் சேத்துக்கங்க, அன்னைக்கு வீட்ல கதவ தட்டிக்கிட்டே இருப்பாங்க. ஒரு ட்ரையலயாவது கழுவாம எட்டு மணி நேரம் வெச்சிருந்து, சமையல் வேலை எல்லாம் பாத்துட்டு, மணிக்கொரு செல்ஃபி எடுங்க. எத்தனையாவது மணில எங்க விட்டுப்போகுதுன்னு அதுல தெரிஞ்சிடும், அன்னைக்கு அதுக்கு கால் மணி நேரம் முன்னாடி டிஷ்யூவ எடுத்தா போதும்.

கேள்வி: அந்த டிஷ்யூ, பஃப் எல்லாம் யார் வெச்சிருக்கறது? மேடைல நான் எங்க கொண்டு போவேன்?

பதில்: பொறுப்பான ஒரு ஆள் கிட்ட. பிளாட்டிங் பேப்பர், பஃப் வெச்ச சின்ன காம்பேக்ட், லிப்ஸ்டிக், நாலு காட்டன் பட்ஸ், அவ்ளோ தான் ஒரு பவுச்ல. அம்மா கிட்ட குடுக்காதீங்க, அவங்க அன்னைக்கு நூறு வேலைல எங்கயாவது வெச்சிடுவாங்க. நான் என் தங்கச்சி கல்யாணத்துல அந்த பவுச்ச கைல மாட்டிட்டு நாள் முழுக்க மேடை ஓரத்துலயே நின்னேன், அவ ஒரு தடவ மூக்க தொட்டா நான் ஏறணும்னு பேச்சு. ஆறு தடவ ஏறினேன், அதுல பவுடர தொட்டது ரெண்டே தடவ.

கேள்வி: நைட் இதையெல்லாம் எப்படி கழட்டறது? அசதில அப்படியே தூங்கிடுவேன்னு தோணுது.

பதில்: அப்படியே தூங்காதீங்கம்மா, நம்ம ஸ்கின்னுக்கு மறுநாளே பரு வந்து நிக்கும். கை காஞ்சிருக்கறப்ப, முகம் காஞ்சிருக்கறப்ப கிளென்சிங் ஆயில், இல்லன்னா கிளென்சிங் பாம் (அதே மாதிரி, கெட்டியா இருக்கறது) எடுத்து ஒரு நிமிஷம் தடவுங்க, எண்ணெய் முகத்துக்கு எண்ணெயான்னு பயப்படாதீங்க, அது தண்ணி பட்டதும் பால் மாதிரி வெளுத்து கழுவிட்டு போயிடும். அப்புறம் வழக்கமான ஃபேஸ்வாஷ் ஒரு தடவ. பாம் டப்பாவ கல்யாணத்துக்கு முந்தின நாளே தலகாணி பக்கத்துல வெச்சிடுங்க, அன்னைக்கு நைட் தேடறதுக்கு உங்களுக்கு தெம்பு இருக்காது.