மூலம் அல்ல, மலக்குடல் அழற்சி

கேள்வி: என் வயது 36. நான்கு மாதங்களாக மலத்துடன் இரத்தமும் சளியும் போகின்றன. மூலம் என்று நினைத்துக் கைமருந்து சாப்பிட்டும் நிற்கவில்லை. கொலோனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை), திசுப் பரிசோதனைக்குப் பின், மலக்குடலில் மட்டும் புண்ணுடன் அழற்சி இருப்பதாகக் கூறி, அழற்சியைக் குறைக்க ஆசனவாயில் வைக்கும் மெசலமைன் மருந்தைக் கொடுத்தார்கள். அதை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. வாய்வழி மாத்திரை மட்டும் போதாதா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. விழுங்கும் மாத்திரையின் மருந்து அவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் பெருமளவு குறைந்துவிடுகிறது. கீழிருந்து வைக்கும் மருந்தோ புண்ணின் மீதே நேராகப் படிகிறது. உங்கள் மருத்துவர் சரியானதையே தந்திருக்கிறார்.

கூச்சம் இயல்பானதுதான். இரவில் மலம் கழித்த பின், இடப்பக்கமாகப் படுத்து, வலது முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கி, மருந்தின் முனையைத் தண்ணீரில் நனைத்து, விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு அப்படியே உறங்கிவிடுங்கள். கையில் நெடுநேரம் வைத்திருந்தால் அது இளகிவிடும். இரண்டே வாரங்களில் இரத்தம் நின்றுவிடலாம். அத்துடன் மருந்தை நிறுத்துபவர்களுக்கே நோய் விரைவில் திரும்புவதைப் பார்க்கிறேன். புண் ஆறப் பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் ஆகும். அதன் பிறகும் குறைந்த அளவில் தொடர வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

மலம் முழுமையாகப் போகாதது போன்ற உணர்வு உங்களுக்கும் இருக்கக்கூடும். குடலில் எதுவும் இல்லாதபோதும் வீங்கிய மலக்குடல் அந்த உணர்வைத் தரும் என்பதால், கழிவறையில் உட்கார்ந்து முக்காதீர்கள். காரம் சாப்பிட்டதால் இந்நோய் வரவில்லை. வீட்டில் யாரும் உங்களைக் குறைசொல்ல இடமில்லை.

அமீபா, காசநோய், பாலியல் தொற்றுகள், கருப்பைவாய் அல்லது புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு ஆகியவற்றாலும் மலக்குடல் அழற்சி வரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. தொற்று இருக்கும்போது அழற்சிக்கென்று ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகலாம் என்பதால், மலப் பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தலைவலிக்கோ மூட்டுவலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அவை அழற்சியைத் தூண்டக்கூடும். காய்ச்சல், தலைச்சுற்றல், அல்லது நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் இரத்தத்துடன் மலம் போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.