அப்பாவின் துவக்கு, கனடா மருமகன், பிரிட்ஜில் மான் இறைச்சி

கேள்வி: ஐயா, நான் தென்மராட்சி, மீசாலையில் இருக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்குப் பரம்பரைக் காணி ஆறு ஏக்கர் உண்டு. மச்சான் அங்கே குடியிருந்து கச்சானும் உழுந்தும் செய்கிறார். இரவில் மான் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. பாதி விளைச்சல்கூட மிஞ்சுவதில்லை. காலமான அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள சொட்கன் ஒன்று இருந்தது. அது இன்னும் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கச்சியின் மகன் ரொறன்ரோவில் இருந்து வருகிறார். அங்கே முறைப்படி மான் வேட்டை லைசென்ஸ் எடுத்தவர். மச்சானோடு காணிக்குப் போய் இரண்டு இரவு காவலிருந்து ஒரு மானாவது அடிக்க வேண்டும் என்கிறார். தன்னுடைய வில்லையும் உருமறைப்பு உடுப்பையும் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். சொந்தக் காணிக்குள் அடித்தாலும் பிழையா? என்னுடைய பட்டா என்கிற சிறு லொறியில்தான் போய் வருவார்கள், எனக்கு ஏதும் வருமா? இன்னொன்று, போன கிழமை மச்சான் இரண்டு கிலோ மான் இறைச்சி கொடுத்துவிட்டார். பிரிட்ஜில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கடைசியாகக் கேட்ட கேள்விதான் அவசரமானது. மருமகன் வர இன்னும் நாள் இருக்கிறது. இறைச்சி இப்போதே உங்கள் வீட்டில் இருக்கிறது.

மான் விஷயத்தில் சட்டம் சுட்டவரோடு நின்றுவிடுவதில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1993 இலும் 2009 இலும் பெரிதாகத் திருத்தப்பட்டு இன்று நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்வது குற்றம். அதன் இறைச்சி, தோல், கொம்பு ஆகியவற்றை வைத்திருப்பதும், கொண்டுபோவதும், விற்பதும் குற்றம். புள்ளிமான், மரை, சருகுமான் எல்லாம் இதற்குள் அடங்கும். "நான் சுடவில்லை, காசு கொடுத்து வாங்கவுமில்லை, சொந்தக்காரர் பங்கு தந்தார்" என்று சொல்வதால் வைத்திருந்த குற்றம் இல்லாமல் போகாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாக நான் தோன்றிய வழக்கு ஒன்று. கூண்டில் நின்றவர் அறுபது வயது தாண்டிய தாய். வனஜீவராசி உத்தியோகத்தர்கள் வீட்டுக்குள் வந்தபோது அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியோடு எடுத்து, மூடிக்குத் துணி கட்டி, அரக்கு முத்திரை வைத்துச் சான்றுப்பொருளாகக் கொண்டுவந்துவிட்டார்கள். மகனின் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்த இறைச்சி அது. அந்த அம்மா காட்டுப் பக்கமே போனவரில்லை. வழக்கு முடியும் வரை தவணைக்குத் தவணை பஸ் ஏறி வந்தார். என் கையைப் பிடித்து அவர் கேட்டதெல்லாம் அந்தச் சட்டி எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதுதான். மான் இறைச்சியைப் "பங்கு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் வரும்.

ஆகவே அதைச் சமைக்காதீர்கள், அயலுக்குக் கொடுக்காதீர்கள், வத்தல் போடாதீர்கள், வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகாதீர்கள். பயந்துபோய் இரவோடிரவாகக் கிணற்றடியில் தாட்டுவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். தடயத்தை அழிப்பது தனியொரு குற்றம். சாவகச்சேரியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சட்டத்தரணியை நாளைக்கே நேரில் சந்தித்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எப்படி, யார் மூலம் அறிவிப்பது என்பதை அவர் உங்களோடு இருந்து தீர்மானிக்கட்டும். மச்சானின் பெயரும் அதற்குள் வரும் என்பதால் இதை நான் பொதுவில் எழுதி முடிக்க முடியாது. காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது.

இனி மருமகன். அவர் கேட்பதில் கள்ளம் இல்லை. ஒன்ராறியோவில் மான் வேட்டை ஒழுங்குபடுத்தப்பட்ட விஷயம். பாடநெறி படித்து, பரீட்சை எழுதி, அட்டை எடுத்து, அந்தப் பருவத்துக்குரிய லைசென்ஸும் மானுக்குரிய சீட்டும் வாங்கித்தான் போகவேண்டும். சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு சுட முடியாது. துவக்குப் பருவத்தில் செம்மஞ்சள் மேலாடை போட்டிருக்க வேண்டும். வேட்டை இறைச்சியை விற்க முடியாது. அந்த ஒழுங்கில் பழகியவருக்கு இங்கேயும் ஏதோ ஒரு அலுவலகத்தில் காசு கட்டினால் சீட்டுக் கிடைக்கும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் இங்கே மானுக்கு வேட்டைப் பருவம் கிடையாது. பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸும் கிடையாது. ஒன்ராறியோ அட்டை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வெறும் பிளாஸ்ரிக் துண்டு.

"அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்துத்தானே சுட்டவை" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. இன்றைய யால பூங்காவின் முதலாம் பகுதியே ஒரு காலத்தில் அனுமதி பெற்ற வேட்டைக்காரருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம்தான். அந்தக் காலம் போய்விட்டது. அதை நம்பி இன்று யாரும் துவக்கைத் தூக்கக்கூடாது.

சொந்தக் காணி என்பதும் இங்கே கைகொடுக்காது. காணி உங்களுடையது, மான் உங்களுடையதல்ல. உறுதியில் எல்லை போட்டிருப்பது மண்ணுக்கு. மான் உங்கள் வேலிக்குள் நின்றாலும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். பயிரைக் காக்கத்தான் செய்தோம் என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற கதையை நீதவான் எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள். திட்டமிட்டு நாள் குறித்து, வெளிநாட்டில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்து, டோர்ச்சோடு இரண்டு இரவு மறைவில் இருந்து அடித்து, இறைச்சியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இதைப் பயிர்க் காவல் என்று நான் எழுந்து நின்று சொன்னால் எனக்கே நாக்கு எழாது.

வில்லால் அடித்தால் சத்தம் இல்லை, துவக்குச் சட்டமும் இல்லை என்று மருமகன் நினைக்கலாம். எதனால் கொன்றாலும் கொன்றதுதான். உருமறைப்பு உடுப்போ இன்னும் மோசம். வன்னியில் அந்த உடுப்போடு இரவில் காட்டோரம் நிற்கிற ஒருவரை யார், எப்படிப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

துவக்கைப் பற்றித்தான் எனக்கு ஆகக் கவலை. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுகிற லைசென்ஸ், பெயர் எழுதப்பட்ட ஆளுக்கானது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அது வளவு, வீடு போலப் பரம்பரையாக வருவதில்லை. உங்கள் தகப்பனார் காலமானதோடு அந்த லைசென்ஸும் முடிந்தது. அதற்குப் பிறகு அலுமாரியில் கிடப்பது லைசென்ஸ் இல்லாத துவக்கு. ஒரு தோட்டாவும் போடாமல், துருப்பிடித்துக் கிடந்தாலும் அது உங்கள் பொறுப்பில் இருக்கிற ஆயுதம். அதை மருமகன் தூக்கினால் அவருக்கும், கொடுத்த உங்களுக்கும், கூடப் போன மச்சானுக்கும் மான் வழக்கோடு ஆயுத வழக்கும் சேரும். பிணை எடுக்கிற பாதை அந்த இடத்தில்தான் கடினமாகும். எங்கள் மண்ணில் துவக்கு என்ற சொல்லுக்குத் தனிக் கனம் இருக்கிறது என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

மச்சான் அந்த இறைச்சியை எப்படி அடித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இடியன் என்கிற நாட்டுத் துவக்கோ, கயிறு இடறினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கோ, கம்பிச் சுருக்கோ, பன்றி வெடியோ வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கட்டுத்துவக்கின் கயிற்றுக்கு மானின் கால் எது, விறகு பொறுக்கப் போன பிள்ளையின் கால் எது என்று தெரியாது. அதில் மனிதர் விழுந்தால் பேச்சு மனிதக் கொலைப் பிரிவுகளுக்குப் போய்விடும். வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொழுவுவதும் அதே வகைதான்.

வாகனம் பற்றிக் கேட்டீர்கள். வேட்டைக்கோ இறைச்சி ஏற்றவோ பயன்பட்ட வாகனம் பறிமுதலாகலாம். ஓட்டியவர் யார் என்பது வேறு, வாகனத்தின் கதி வேறு. அறியாத உரிமையாளருக்கு ஒரு கதவு இருக்கிறது. மரம் ஏற்றிய லொறி ஒன்றின் விஷயத்தில், மானவடு எதிர் சட்டமா அதிபர் என்ற 1987 ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உரிமையாளரைக் கேட்காமல் வாகனத்தைத் தானாகப் பறிமுதல் செய்யக்கூடாது, அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது வன கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும், வாகன விசாரணை எதிலும் நாங்கள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஆனால் அந்தக் கதவால் நுழைய, குற்றம் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அதைத் தடுக்க உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று நீங்கள் காட்டவேண்டும். உங்களுக்கோ எல்லாம் தெரியும், எழுத்திலும் இருக்கிறது. தெரிந்துகொண்டு திறப்பைக் கொடுத்தால் அறியாத உரிமையாளர் என்று நான் வாதிட இடமே இல்லை. பட்டா லீசிங்கில் இருந்தால், அது நீதிமன்ற வளவில் வெயிலில் காயும்போதும் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் மீறி யாராவது பிடிபட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுகிறேன். உங்களுக்கில்லாவிட்டாலும் வாசிக்கிற இன்னொரு குடும்பத்துக்கு உதவும். பொலிஸ் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37 ஆம் பிரிவு அது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு வன உத்தியோகத்தரையும் மதுவரி உத்தியோகத்தரையும் அவரவர் சட்டக் குற்றங்கள் சம்பந்தமாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வனஜீவராசி உத்தியோகத்தரைப் பெயர் சொல்லவில்லை, அவர்களிடம் சொன்னதற்கும் அந்தக் காப்பு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அவர்களும் உங்களைக் கைது செய்ய அதிகாரம் உள்ளவர்கள். ஆகவே மரியாதையாகப் பெயரும் விலாசமும் கொடுங்கள். மற்றதைச் சட்டத்தரணி வந்தபிறகு பேசலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பலர் செய்கிற பிழை, முதல் தவணையிலேயே "குற்றவாளி" என்று சொல்லி, தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது. பதியப்பட்ட குற்றத்தீர்ப்பு ஆளோடு கூடவே வரும். உங்கள் மருமகன் கனடாப் பிரஜையா, நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிரஜை இல்லையென்றால், இங்கே பெறுகிற ஒரு தீர்ப்பு அங்கே அவருடைய இருப்பையே கேள்விக்குள்ளாக்கலாம். பிணை கிடைத்தாலும் கடவுச்சீட்டை நீதிமன்றில் ஒப்படைக்கச் சொன்னால், திரும்பிப் போகிற ரிக்கெற் வீண்.

இப்போதைய பிள்ளைகள் எதையும் படம் எடுக்காமல் விடுவதில்லை. அந்தப் படமே பிடிபட வழியாகலாம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று அடித்துக் கொல்லப்பட்டது நினைவிருக்கும். அங்கே நின்றவர்கள் எடுத்த படங்களும் காணொளியும் பரவி, அதன் பிறகுதான் கைதுகள் நடந்தன.

மச்சானின் நட்டத்தை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. வட்டிக்கு எடுத்து விதைத்த உழுந்தை விடியக் காணாமல் நிற்கிற மனிதனுக்கு மானின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவர் முதலில் எழுத்தில் முறையிட வேண்டும். கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், வனஜீவராசிகள் திணைக்களம் நான்குக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுத்து, வாங்கிய முத்திரையோடு ஒரு பிரதியை வைத்திருக்கட்டும். மேய்ந்த பாத்திகளையும் குளம்புத் தடத்தையும் திகதியோடு படம் எடுக்கட்டும். அவசரத்துக்குத் திணைக்களத்தின் 1992 இலக்கம் இருக்கிறது. காணியைச் சுற்றி உயரமான அடைப்பு வேண்டும், மான் பாயும். எங்கள் ஊரில் பனையின் கறுக்கு மட்டையை நெருக்கிக் கட்டுகிற வேலியை, இங்கிருந்து ஒரு லோட் மட்டை ஏற்றி அங்கேயும் கட்டலாம். உங்கள் பட்டாவுக்கு அதுதான் நல்ல வேலை. பழைய மீன் வலையைத் தொங்கவிடாதீர்கள், விலங்கு சிக்கி இறந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். காவல் கொட்டிலில் இருந்து தகரம் தட்டிக் கலைப்பதில் குற்றம் இல்லை. பயிர்க் காவலுக்கென்று துவக்கு வேண்டுமானால் மச்சான் தன் பெயரில் முறைப்படி விண்ணப்பிக்கட்டும். கிடைத்தாலும் அது துவக்கு வைத்திருக்க அனுமதியே தவிர மான் சுட அனுமதி அல்ல.

உங்கள் தகப்பனாரின் துவக்கை நீங்களே சீலையில் சுற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போகாதீர்கள். வழியில் சோதனையில் பிடிபட்டால் ஒப்படைக்கப் போனேன் என்று நிரூபிக்கப் பாடுபடவேண்டி வரும். பழைய லைசென்ஸ் புத்தகம், மரணச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, துவக்கை வீட்டிலேயே விட்டு, சட்டத்தரணியோடு முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மருமகனுக்கு இன்றிரவே தொலைபேசி எடுத்து, வில்லையும் அந்த உடுப்பையும் ரொறன்ரோவிலேயே வைத்துவிட்டு, வேட்டியோடு மட்டும் வரச் சொல்லுங்கள்.